புதிதாக நற்கருணைக்கு வரும் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளே, திடப்படுத்தல் ஆராதனை முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு நீங்களும் எங்களோடு நற்கருணைக்கு முழங்கால்படியிடப் போகிறீர்கள். பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தப்பில்லாமல் ஒப்புவித்தீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மிகவும் சந்தோஷம். உபதேச காரியங்களைக் குருவானவர் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். சபை மூப்பனாக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் நான் அன்பைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன். தெரிந்த விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றுவதால்தான் நம் சபைகளில் இது முதலில் கைவிட்டுப்போகிறது.

1. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் படிக்காதீர்கள்.

13 வசனமுள்ள சின்ன அதிகாரம் அது. நாம் அதைக் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம். பவுல் அதைக் கல்யாண வீட்டுக்கு எழுதவில்லை. கி.பி. 55 வாக்கில் எபேசுவில் இருந்துகொண்டு, சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். கொரிந்து இரண்டு பக்கமும் துறைமுகம் கொண்ட பணக்காரப் பட்டணம். ரோமர்கள் அழித்துப்போட்ட அந்த ஊரை கி.மு. 44-ல் யூலியு சீசர் மறுபடியும் குடியேற்றினார். விடுதலையான அடிமைகளும் வியாபாரிகளும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் சேர்ந்து எழுப்பிய ஊர். யார் பெரியவன் என்பதே அங்கே எந்நேரமும் கேள்வி. அந்தக் கேள்வி சபைக்குள்ளும் வந்துவிட்டது. நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள், நான் கேபாவின் ஆள் என்று கட்சி கட்டினார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போட்டான். எல்லாவற்றையும்விடப் பவுலை வேதனைப்படுத்தியது கர்த்தருடைய பந்தி. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து மயங்கிக் கிடந்தார்கள். இல்லாதவர்கள் அதே கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். இது 11-ஆம் அதிகாரம். 12-இலும் 14-இலும் வரங்களைப் பற்றிய பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவே, பேச்சை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, 13 வருகிறது.

அன்பு எதைச் செய்யாது என்று பவுல் அடுக்குகிறாரே, பொறாமை, இறுமாப்பு, தன்னலம் என்று, அந்த ஒவ்வொன்றையும் கொரிந்தியர் செய்துகொண்டிருந்தார்கள். அதே நிருபத்தில் வேறு இடங்களில் அவற்றைச் சொல்லியே அவர்களைக் கண்டித்திருக்கிறார். ஆகவே அது அழகான கவிதை என்று ரசிப்பதற்கு முன்னால், நம் சபையைப் பற்றிய குற்றப்பத்திரிகை என்று படித்துப் பாருங்கள். இன்று ராத்திரியே 11 முதல் 14 வரை ஒரே மூச்சில் படியுங்கள். அரைமணி நேரம் கூட ஆகாது.

2. மனதில் அன்பு ஊறட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆண்டவர் அன்பைக் கட்டளையாகக் கொடுத்தார். நல்ல சமாரியன் கதையில் அவன் மனதுருகினான் என்பதற்கு ஒரே ஒரு சொல்தான் செலவாகிறது. மீதியெல்லாம் அவன் செய்த வேலை: கிட்டே போனான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் மிருகத்தின் மேல் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், ராத்திரி பார்த்துக்கொண்டான், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று பொறுப்பேற்றான். ஒரு காசு அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அடிபட்டவனை அவனுக்குப் பிடித்திருந்ததா என்று ஆண்டவர் சொல்லவேயில்லை.

3. சாப்பாட்டுப் பந்தியைக் கவனியுங்கள்.

சபையின் அன்பு எப்படி இருக்கிறது என்று அறியப் பிரசங்கத்தைக் கேட்க வேண்டாம். யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆதிசபையில் முதல் முறுமுறுப்பு எதனால் வந்தது? அன்றாடச் சாப்பாடு பகிர்ந்ததில். எபிரெய மொழி பேசின விதவைகளுக்கு ஒழுங்காகக் கிடைத்தது, கிரேக்க மொழி பேசின விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களைப் பார்த்து, பொறுமையாக இருங்கள், அன்பாயிருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நான் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் வியந்துபோகிறேன். குறை சொன்னவனைச் சந்தேகப்படாமல் அவனிடமே சாவியைக் கொடுக்கிற தைரியம் அந்தச் சபைக்கு இருந்தது. நாளைக்கு நீங்கள் வாலிபர் சங்கத்திலோ ஓய்வுநாள் பள்ளியிலோ பொறுப்புக்கு வருவீர்கள். யாராவது முறுமுறுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. உதவி செய்வதோடு நின்றுவிடாதீர்கள், நட்பாயிருங்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையின் மகன் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-இல் ஒரு குருவானவருக்கு மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். நம் மக்கள் கொடுத்த காணிக்கையில், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், நம் ஆட்களே மிஷனெரிகளாகப் போக வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் நோக்கம். பிறரை அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், 1909-இல் அவரே நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல்லுக்குத் தெலுங்கு மக்களிடம் போனார்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஏறக்குறைய 1,200 பிரதிநிதிகள். அவர்களில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். 35 வயதான அசரியா எழுந்து பேசினார். வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. இந்தியச் சபை அதற்கு என்றைக்கும் நன்றி சொல்லும் என்றார். ஆனால் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் ஊழியம் செய்தும் இந்திய ஊழியரைத் தன் வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சாப்பாடு போடாத மிஷனெரிகள் இருப்பதைச் சொன்னார். கடைசியில் அதே கொரிந்தியர் அதிகாரத்தைத் தொட்டு, பொருளைக் கொடுத்துவிட்டீர்கள், சரீரத்தையும் கொடுத்துவிட்டீர்கள், இப்போது நாங்கள் கேட்பது அன்பை, நண்பர்களை என்று முடித்தார். மண்டபத்தில் சிலருக்குக் கோபம்கூட வந்தது. நூறு வருஷம் தாண்டியும் அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பேச்சைச் சொல்லாமல் விடுவதில்லை.

1912 டிசம்பரில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் கேட்ட நட்பை அவரே மற்றவர்களுக்குக் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த மாலா, மாதிகா மக்களின் குடியிருப்புகளுக்கு மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் போய், அவர்கள் நடுவில் உட்கார்ந்து, 1945-இல் மரிக்கும் வரையில் அவர்களோடிருந்தார்.

நீங்கள் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்துச் சேரிக்குப் போர்வை கொண்டுபோவீர்கள். நல்லது, போங்கள். போர்வை வாங்கியவரின் பெயர் அடுத்த மாதம் உங்களுக்கு நினைவிருக்குமா? அவர் உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து உட்காருவாரா? இல்லையென்றால் அசரியா கேட்டது இன்னும் பாக்கி.

5. சாதியை விட்டுவிடுங்கள்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு மனதில்லை. தமிழ்நாட்டுச் சபையின் அன்பு தோற்றுப்போகிற இடம் இதுதான். தரங்கம்பாடி மிஷன் காலத்திலேயே கோவிலுக்குள் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடவே கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷம் ஆகப்போகிறது. இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் பிரிவு உண்டு. மணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் சாதி விசாரிக்காத குடும்பம் எத்தனை இருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். உபதேசம் எதையும் அவர் மாற்றவில்லை, எழுந்து வேறு பந்திக்குப் போனார், அவ்வளவுதான். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே அவரைக் கண்டித்தார். சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே இது விரோதம் என்று எடுத்துக்கொண்டார். அப்போஸ்தலர் தலைவரென்றும் பார்க்கவில்லை. அன்பு என்றால் யாரையும் எதிர்த்துப் பேசாமல் இருப்பது என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால் கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். வீட்டுப் பெரியவர்களை மரியாதையோடு எதிர்த்துப் பேச வேண்டிய நாள் உங்கள் எல்லாருக்கும் வரும், முக்கியமாகக் கல்யாணப் பேச்சு வரும்போது. அன்றைக்கு ஒதுங்கிப்போய்விடாதீர்கள்.

6. அன்புள்ளவன் படிக்கவும் கவனிக்கவும் வேண்டும்.

கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாகவே அழுகி உதிர்கின்றன என்று அன்று பெரும்பாலும் நம்பினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணும் எங்கிருந்து வந்தது என்று விடாமல் தேடினார்கள். நோய் நரம்பைத் தாக்குகிறது; கை மரத்துப்போகிறது; சூடான பாத்திரத்தைத் தொட்டாலும், ஆணி குத்தினாலும் தெரிவதில்லை; புண் முற்றி விரல் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். சிலருக்கு ராத்திரியில் விரல் குறைந்துபோயிற்று. விழித்திருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: தூங்குகிறவர்களின் உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. அதற்குப் பிறகு நோயாளிகள் வீடு திரும்பும்போது கூடவே ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை அவர் வேலூரில்தான் வளர்த்தெடுத்தார். கால் புண்ணுக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பு எப்படித் தைப்பது என்பதற்கும் பல வருஷம் உழைத்தார்.

ஐயோ பாவம் என்று கண்ணீர் விட்டவர்கள் அவருக்கு முன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். ராத்திரி விழித்திருந்து எலியைப் பார்த்ததுதான் விரல்களைக் காப்பாற்றியது. நீங்கள் நர்ஸாக, கணக்கராக, எலக்ட்ரீஷியனாக, ஆசிரியராகப் போகப்போகிறவர்கள். தொழிலை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, ஜெபிக்கிற பிள்ளை என்று மட்டும் பெயர் வாங்குவதில் பயனில்லை. உங்களிடம் வருகிறவருக்கு நீங்கள் காட்டும் அன்பில் பாதி, வேலையை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பது.

7. வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வருகிறவர்களின் கூலியைத் தாமதிக்காதீர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிற கருத்தை யாக்கோபு எழுதியிருக்கிறார். ஞாயிறு காலையில் உங்களுக்கு முன்பே எழுந்து சமைத்துவிட்டு, கடைசி மணி அடிக்கும்போது ஓடிவருகிற அம்மாவையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டுப் பயிற்சி முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தட்டை நீட்டாமல், எழுந்து பாத்திரத்தைக் கழுவுங்கள். ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் சொல்கிறேன்.

8. நோயாளியை விட்டு ஓடாதீர்கள். கி.பி. 260 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியது. நோயாளிகளை உறவினர்களே தெருவில் தள்ளிய நாட்களில், விசுவாசிகள் அவர்களைத் தொட்டுப் பராமரித்து, தாங்களும் நோய் பிடித்து மரித்தார்கள் என்று அந்நகரத்துப் பேராயர் தியொனீசியு எழுதிய நிருபம் இன்றும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்துக் கிறிஸ்தவத்தை ஒழிக்கப் பார்த்த ரோமப் பேரரசன் ஜூலியன்கூட, இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் போஷிக்கிறார்களே என்று தன் பூசாரி ஒருவருக்கு வருத்தப்பட்டு எழுதினான். விரோதி நம்மைப் பற்றி இப்படி எழுத முடிந்த காலம் ஒன்று இருந்தது.

9. மன்னியுங்கள், ஆனால் குற்றத்தை மூடாதீர்கள்.

1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு, ஒரிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய மகன்கள் 10 வயது பிலிப்பும் 6 வயது திமோத்தியும் வண்டிக்குள் தூங்கும்போது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர் அவர். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். மகள் எஸ்தரோடு அந்த ஊரிலேயே தங்கி, கணவர் விட்ட வேலையைச் சில வருஷம் நடத்தினார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

அதே நேரத்தில் வழக்கும் நடந்தது. 2003-இல் தீர்ப்பு வந்தது. அதில் விதித்த மரண தண்டனை மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனையானது. 2011-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. கிளாடிஸ் மன்னித்தார், நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. இரண்டும் ஒன்றையொன்று தடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிக்கிற கணவனை, பிள்ளைகளிடம் தப்பாக நடந்த பெரியவரை, காணிக்கைப் பணத்தில் கைவைத்தவரை, அன்பு என்ற பெயரில் மூடி மறைக்கச் சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவளைக் கூப்பிட்டு, நீ கிறிஸ்தவள்தானே, மன்னித்துவிடு என்று வாயடைப்பது பாவம். அப்படி ஒரு பெண்பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், முதலில் அவளை நம்புங்கள், பிறகு கூடப் போய் புகார் கொடுங்கள்.

10. சபைத் தேர்தல் வரும். அணி பிரியும், நோட்டீஸ் அடிப்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். நீங்கள் எந்த அணிக்கு ஓட்டுப் போட்டாலும் சரி, எதிர் அணிக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

11. இதெல்லாம் உங்கள் பலத்தால் முடியாது.

முடியும் என்று நினைத்தால் ஆறு மாதத்தில் சலித்துப்போவீர்கள், அல்லது மற்றவர்களைக் குறைவாகப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சீஷர்களின் கால்களைக் கழுவினார். அந்தக் கால்களில் யூதாசின் கால்களும் உண்டு. அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தே கழுவினார். மறுதலிக்கப்போகிற பேதுருவின் கால்களையும், ஓடிப்போகப்போகிற மற்ற எல்லாருடைய கால்களையும் கழுவினார். அதற்குப் பிறகுதான், நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் இருங்கள் என்ற புதிய கட்டளையைக் கொடுத்தார். அவர் முந்தி நேசித்தார். நம்முடைய அன்பு அதற்குப் பின்னால் வருவது. ஞாயிறுதோறும் நீங்கள் கையேந்தி வாங்கப்போவது அதைத்தான். உங்கள் தகுதிக்காகக் கொடுக்கப்படவில்லை என்று தெரிந்து வாங்குங்கள். பக்கத்தில் முழங்கால்படியிடுகிறவரும் தகுதியினால் வாங்கவில்லை. இதை மனதார நம்புகிறவனுக்கு அவரைத் தாழ்வாகப் பார்ப்பது கஷ்டம்.

12. கடைசியாக, இந்த வாரத்துக்கான வேலை.

பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தவனுக்குச் சகோதரனோடு மனஸ்தாபம் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்திருக்கிறார். தப்பு யார்மேல் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நினைவுக்கு வந்தவன் போக வேண்டும். உங்கள் வயதிலும் பேசாமல் முறித்துக்கொண்ட ஒருவர் இருப்பார்: ஒரு பள்ளித் தோழி, சித்தப்பா வீட்டுத் தம்பி, சொத்துத் தகராறில் வீட்டார் உறவை அறுத்துக்கொண்ட அத்தை. போன் செய்தி அனுப்பிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள், நேரில் போங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டாலும் நீங்கள் போனது போனதுதான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நற்கருணை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்வந்துவிடுங்கள்.